முதல் பெஞ்சில் நான் உட்கார வைத்த குடும்பம்

என்னிடம் மைக்கைக் கொடுக்கக் கூடாது. இது எங்கள் சர்ச்சில் எழுதப்படாத சட்டம். எழுதி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் கோவில்பதாகையில் சர்ச்சுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கே இந்தச் சட்டம் தெரியும். (அவரு சர்ச்சுப் பக்கம் தலை வெச்சுக்கூட படுக்க மாட்டாரு. வெளி ஸ்பீக்கர் அவர் கடையைப் பாத்துகினு இருந்ததால வந்த வினை.)

நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் பி.பி.ஏ. கடைசி வருடம். ஈவன்ட் மேனேஜ்மென்ட் என்று ஒரு பேப்பர் இருந்தது. அதில் மட்டும் நல்ல மார்க் வந்துவிட்டது. ஒரே ஒரு பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவனைப்போல் ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. கல்யாணத்துக்குப் போனால் பந்தி வரிசையைத் திருத்துவேன். துக்க வீட்டில்கூட, நாற்காலியை வேறு மாதிரி போட்டிருக்கலாமே என்று தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பாஸ்டர் ஐயா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நடுவில் நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொன்னார். ஆவடி ஃபேக்டரிக்கு மாற்றலாகி, குவார்ட்டர்ஸில் குடிவந்த ஒரு குடும்பம் மூன்று வாரம் எங்கள் சர்ச்சுக்கு வந்தது. நான்காம் வாரம் வரவில்லை. மார்க்கெட்டில் அந்த அம்மாவைப் பார்த்து ஏன் என்று கேட்டிருக்கிறார். "ஐயா, மூணு வாரம் வந்தோம். எங்ககிட்ட பேசுன ஒரே ஆளு உங்க வாட்ச்மேன். அவரும் வண்டியைத் தள்ளி நிறுத்துங்கன்னுதான் சொன்னாரு" என்றாராம் அந்த அம்மா. இதைச் சொல்லிவிட்டு பாஸ்டர் ஐயா பைபிளை மூடி வைத்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு என்னவோ செய்தது. வரவேற்புக்கு யார் பொறுப்பெடுத்துக்கொள்கிறீர்கள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே இருந்தது.

அதுவரை எங்கள் வரவேற்பு என்பது, அறிவிப்பு நேரத்தில் "முதல் தடவை வந்திருக்கிறவங்க எழுந்து நிக்கலாம்" என்பதோடு சரி. வந்தவர்கள் கூச்சத்தோடு பாதி எழுந்து, பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். நான் வந்ததும் எல்லாம் மாறியது. வாசலில் நான், கழுத்தில் டேக். வந்தவர் கையில் ஒரு ரோஸ். நிரப்ப ஒரு ஃபாரம். அறிவிப்பு நேரத்தில் மைக்கோடு நேரில் போய் மூன்று கேள்வி: பேர், ஊர், வந்த நோக்கம். "இது சர்ச்சா, பாஸ்போர்ட் ஆபீஸா மச்சான்?" என்று சவுண்ட் சிஸ்டம் பார்க்கும் என் நண்பன் டேனி கேட்டான். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு வாரமும் புதிதாக ஒரு ஜீவனும் வரவில்லை. ரோஜாக்கள் எங்கள் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தன. மூன்றாம் வாரம் வந்தார்கள், ஒரு குடும்பமாக.

அதற்கு முன் என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேர் பியூலா. அப்போது அவளுக்கு இருபத்தேழு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு பார்ட் மயிரிழை அளவு கூடினாலும் குறைந்தாலும் ரிஜெக்ட் என்று ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். அப்படிப்பட்டவளை மூன்று குடும்பங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தன. ஒரு வீட்டார் பாடச் சொன்னார்கள். ஒரு வீட்டார் நடக்கச் சொன்னார்கள். ஒரு வீட்டார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொன்னார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு நாகரிகம் உண்டு. பெண் பிடிக்கவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "ஜெபிச்சுட்டுச் சொல்றோம்" என்பார்கள். அந்த மூன்று குடும்பமும் இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

மூன்றாவது வீட்டார் போன அன்று அக்கா தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இனிமே என்னைப் பாக்கன்னு எவனும் இந்த ஊட்டுப் படி ஏறக் கூடாது" என்றாள். சத்தமே போடாமல் சொன்னதால் எல்லாரும் பயந்துவிட்டோம்.

வீட்டுப் படிதானே ஏறக் கூடாது, சர்ச் படி ஏறலாமே என்று அம்மா கணக்குப் போட்டிருக்கிறார். இதுவும் எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம்தான். மாப்பிள்ளை வீட்டார் ஆராதனைக்கு வருவதுபோலப் பெண்ணின் சர்ச்சுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். தூரத்திலிருந்து பெண்ணைப் பார்த்துக்கொண்டு, கடைசி ஆமென் முடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். பிடித்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் பெண்ணுக்கு எதுவுமே தெரியாது, மனசும் நோகாது. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் பட்டுப்புடவை, பாஸ்டரைப் பார்க்காமல், பாட்டுப் பாடும் கொயரைப் பார்க்கிற கண் என்று இவர்களுக்குச் சில அடையாளங்கள் உண்டு. சர்ச்சில் உள்ள அத்தனை ஆன்ட்டிகளும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது.

இந்த ஏற்பாடு அம்மா, அப்பா, பாஸ்டர் ஐயா, இந்த மூவருக்குள் இருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. என் அம்மாவுக்குச் சொந்த ஊர் தெற்கே நாசரேத் பக்கம், அப்பாவின் ஃபேக்டரி வேலைக்காக ஆவடி வந்து முப்பது வருடமாகியும் பேச்சு மாறவில்லை. "இவன்ட்ட சொல்லுததுக்கு பேப்பர்லயே போட்டுரலாம்" என்று அப்பாவிடம் சொன்னாராம்.

ஆக, மூன்றாம் ஞாயிறு. சஃபாரி சட்டையில் ஓர் அங்கிள், மாம்பழ நிறப் பட்டில் ஓர் ஆன்ட்டி, கூடவே முப்பது வயதில் ஒரு பையன். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, நெற்றியெல்லாம் வேர்வை. வாசற்படியில் ஒரு தடவை தடுக்கினான். ரோஸை நீட்டினேன். ரோஸுக்கு அரையடி தள்ளிக் காற்றைப் பிடித்தான். (ஆளு கொஞ்சம் ஒரு மாதிரின்னு மனசுல குறிச்சிக்கினேன்.)

யார் மூலமாக எங்கள் சர்ச்சைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள் என்று ஃபாரத்தில் ஒரு கேள்வி. கேட்டேன். அங்கிள் ஆன்ட்டியைப் பார்த்தார். "கர்த்தர் மூலமா தம்பி" என்றார் ஆன்ட்டி. அப்படியே எழுதிக்கொண்டேன்.

நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார்கள். விடுவேனா? எங்கள் சர்ச்சில் முதல் பெஞ்ச் எப்போதுமே காலி. மழைக்கு ஒதுங்கியவர்கள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. பின்னால் ஃபேன் ஓடாது என்று சொல்லி (நல்லாத்தான் ஓடிகினு இருந்திச்சு), மூன்று பேரையும் ஊர்வலம்போல நடுவழியாகக் கூட்டிக்கொண்டு போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். எதிரே ஆறடி தூரத்தில் கொயர். அதில் இரண்டாவது வரிசையில், வெள்ளைச் சேலையில், கண்ணாடி போட்டுக்கொண்டு என் அக்கா.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எனக்குக் கையைக் காட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தம். பாராட்டுகிறார் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன்.

அறிவிப்பு நேரம் வந்தது. டேனியிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு போனேன். அங்கிள் எழுந்து, பேர் தேவசகாயம், ஊர் மாங்காடு என்று சொல்லிவிட்டு உட்காரப் பார்த்தார். தோளைப் பிடித்து நிறுத்தி, நோக்கம் என்ன என்று கேட்டேன். ஆராதனைதான் என்றார். மாங்காட்டில் சர்ச் இல்லையா என்று கேட்டேன். (நக்கல் இல்ல சாமி, நெஜமாவே சந்தேகம்.)

பாஸ்டர் ஐயா இருமினார். பின்வரிசை ஆன்ட்டி ஒருவர் பாட்டுப் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். இன்னொருவர் வாயில் விரல் வைத்துக் காட்டினார். "சரி தம்பி, அவங்க உக்காரட்டும்" என்றார் பாஸ்டர் ஐயா. ரெண்டே நிமிடம் ஐயா என்றேன், அவருடைய சர்ச்சில், அவரிடமே.

தேவசகாயம் அங்கிள் முப்பது வருடம் சண்டே ஸ்கூல் நடத்தியவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பீடத்துக்கு ஆறடியில் நின்றுகொண்டு, மைக்கில், இருநூறு பேர் முன்னால் பொய் சொல்ல அந்த மனிதரால் முடியவில்லை. பீடத்தைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார்.

"பையனுக்குப் பொண்ணு பாக்கலாம்னு வந்தோம் தம்பி."

நிறுத்தியிருக்கலாம். அந்த இடத்தில் கரண்ட் போயிருக்கலாம். ஆனால் எனக்கோ புல்லரித்துவிட்டது. சபையாரே, எவ்வளவு சந்தோஷமான செய்தி என்று சொல்லி எல்லாரையும் கை தட்டச் சொன்னேன். டேனி மட்டும் தட்டினான். பிறகு, எனக்கு ஈவன்ட் மேனேஜ்மென்டில் மார்க் போட்டவர் வெட்கப்படும்படி, கேட்டேன்:

"எந்தப் பொண்ணு அங்கிள்? இங்க இருந்தா அவங்களையும் எழுந்து நிக்கச் சொல்லலாம்."

சர்ச்சில் அப்படியொரு அமைதி பெரிய வெள்ளிக்கிழமைகூட இருந்ததில்லை. அந்த அமைதியில் பாஸ்டர் ஐயா, பிறந்ததிலிருந்து யாரையும் டேய் என்று கூப்பிடாத எங்கள் பாஸ்டர் ஐயா, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"டேய், உங்க அக்காடா."

மெதுவாகத்தான் சொன்னார். காலரில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். உள்ளே நாலு ஸ்பீக்கர், வெளியே ரெண்டு.

அக்கா என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பாட்டுப் புத்தகத்தை மூடி நாற்காலியில் வைத்துவிட்டுப் பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். பாஸ்டர் ஐயா பதறிப்போய், எல்லாரும் எழுந்து பாடுவோம் என்றார். எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. ஒரே நேரத்தில் மூன்று பாட்டு ஆரம்பித்தது. நான் ரோஸோடு வெளியே ஓடினேன்.

வண்டி நிறுத்துகிற இடத்தில், தண்ணி டேங்க் பக்கத்தில் நின்றிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தா நேத்தே உளறியிருப்ப."

கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பிறகு தண்ணி டேங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மூணு வாட்டி வேணாம்னுட்டுப் போனாங்க. அது நம்ம ஊட்டோட போச்சு. இப்ப இவங்களும் வேணாம்னா, சர்ச்சுக்கே தெரியும். அடுத்த வாரம் எந்த மூஞ்சியை வெச்சிகினு நான் அங்க நின்னு பாடுறது, சொல்லு ஜோயலு."

  அக்கா அழுது நான் பார்த்ததே கிடையாது. அன்றும் அழவில்லைதான். அழாமல் இருக்க அவள் படுகிற பாட்டைத்தான் பார்த்தேன்.

அப்போது பின்னால் ஒரு சத்தம். அந்தப் பையன் வருகிறான். வரும் வழியில் ஒரு ஸ்கூட்டரில் இடித்தான், அதனிடம் ஸாரி சொன்னான், அடுத்த ஸ்கூட்டரிலும் இடித்தான். பேர் சாம். பூந்தமல்லி பக்கம் ஒரு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வேலை சொல்லித்தருகிறவன். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, இன்னும் ரெண்டடி வைத்தால் டேங்கில் மோதுவான் என்பதுதான்.

"மன்னிச்சிருங்க" என்றான், என்னைப் பார்த்து. பிறகு அக்கா நின்ற பக்கம் உத்தேசமாகத் திரும்பினான். "உங்களுக்குத் தெரியும்னுதான் எங்க ஊட்ல சொன்னாங்க. தெரியாதுன்னு இப்பதான் தெரியும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்."

"அதான் வந்து பாத்தாச்சே" என்றாள் அக்கா. "கண்ணாடியோட பாத்துட்டீங்க. கண்ணாடி இல்லாமயும் பாத்துக்கறீங்களா? அதையும் சில பேர் கேப்பாங்க."

"பாக்கலைங்க."

"என்னது?"

"எனக்கே பவர் மைனஸ் நாலு. கண்ணாடி போட்டா வயசாத் தெரியுதுன்னு அம்மா காலைல கழட்டி பாக்கெட்ல போட்டுட்டாங்க. உங்க தம்பி முன்னாடியே உக்கார வெச்சாரு, பெரிய மனசு. ஆனா எனக்குக் கொயர்ல எல்லாரும் ஒரே வெள்ளையாத்தான் தெரிஞ்சாங்க. ஒரு மணி நேரமா நான் உத்துப் பாத்துகினு இருந்தது ஒரு ஆம்பளையோன்னு இப்ப டவுட்டா கீது."

(அது கொயர்ல கனத்த குரல்ல பேஸ் பாடுற ஐசக் அங்கிள். யாரோ தன்னையே மொறைக்கிறான்னு அவரு அன்னிக்கு ஸ்ருதியை விட்டது தனிக் கதை.)

அக்கா அவனையே பார்த்தாள். "இப்ப போடுங்க" என்றாள்.

சாம் பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். என் அக்காவை முதல் தடவையாகப் பார்த்தான்.  சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அக்காவுக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது. அவள் தடுத்துப் பார்த்தாள், நிற்கவில்லை.

அந்த இடத்தில் புத்தி உள்ளவன் நகர்ந்திருப்பான். நான் கையில் மிச்சமிருந்த ரோஸை சாமிடம் நீட்டி, வெல்கம் அண்ணா என்றேன்.

"ஜோயல், போ" என்றாள் அக்கா.

முன்வாசலில் மொத்தச் சபையும் செருப்பு தேடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தது. சாமின் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, உன் இஷ்டம் என்ன என்று கேட்டார். என் அம்மா கண்ணை மூடிக்கொண்டார், ஜெபம் என்று நினைக்கிறேன்.

"நான் ஜெபிச்சுட்டுச் சொல்றேன் ஆன்ட்டி" என்றாள் அக்கா.

செருப்பு தேடிய கைகள் அப்படியே நின்றன. சாமின் அம்மா அந்த வார்த்தையை எத்தனை வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பாரோ, முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, நல்லா ஜெபிம்மா என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாஸ்டர் ஐயா என் டேகை வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டினார். அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தட்டு மட்டும் பேசியது, வைக்கிற சத்தத்தில். அக்கா எப்போதும்போல வேலைக்குப் போய் வந்தாள். அடுத்த ஞாயிறும் கொயரில் போய் நின்றாள். எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று எண்ணினேன், பாதியில் விட்டுவிட்டேன். ஒரு வரி விடாமல் பாடினாள்.

அதற்கடுத்த ஞாயிறு காலையில் வந்து என்னை எழுப்பி, "வண்டியை எடு, மாங்காடு போறோம்" என்றாள். வழியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. (வாழ்நாள் சாதனை.) அவர்கள் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். சாம் முன்னால் ஓரமாக லேப்டாப் வைத்துக்கொண்டு, திரையில் பாட்டு வரிகளை மாற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்க்கவில்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். லேட்டாக வந்த ஒரு வயதான அம்மாவுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, மீதி ஆராதனை முழுக்க அவன் குனிந்து நின்றபடியே லேப்டாப்பை இயக்கியதைப் பார்த்தாள்.

அங்கேயும் அந்த நேரம் வந்தது. புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் அக்கா எழுந்துவிட்டாள். ஒரு பெரியவர் மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். 

"பேரு பியூலா. ஆவடி கோவில்பதாகை. மாப்பிள்ளை பாக்க வந்திருக்கேன். அதோ, அந்த லேப்டாப்கிட்ட நிக்கறவரு."

திரையில் அம்புக்குறி அங்குமிங்கும் ஓடியது. பிறகு பாட்டு வரிகள் மறைந்து, சாமின் ஐ.டி.ஐ. பசங்களின் வருகைப் பட்டியல் வந்தது. அந்தச் சர்ச் பாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பார்த்தாச்சாம்மா, பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

"கண்ணாடி போட்டுகினு கீறாரு" என்றாள் அக்கா. சபை மரியாதையெல்லாம் மறந்து எங்கள் தெருப் பேச்சு வந்துவிட்டது. "புடிச்சிருக்கு."

முன்வரிசையில் தேவசகாயம் அங்கிள் எழுந்து கை தட்டினார். இந்தத் தடவை எல்லாரும் தட்டினார்கள்.

கல்யாணம் எங்கள் சர்ச்சில்தான் நடந்தது. இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று பாஸ்டர் ஐயா கேட்க வேண்டிய இடத்தில், முதலில் என்னைப் பார்த்தார். பிறகு டேனியைப் பார்த்தார். டேனி எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மைக்கையெல்லாம் அணைத்துவிட்டதாகக் கட்டைவிரலைக் காட்டினான். அதன் பிறகே கேட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது பேச ஆரம்பிக்கும்போது சாம் மாமா முதலில் என் சட்டைக் காலரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மைக் இல்ல, பேசலாம்" என்பார். நாலு வருடமாக இதே ஜோக். நாலு வருடமாக எல்லாரும் சிரிக்கிறார்கள்.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் அக்கா என்னை அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொன்னாள். டாக்டரிடம் போய்விட்டு வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னாள். மூன்று மாதம் முடியும்வரை அம்மாவுக்குக்கூடச் சொல்லப்போவதில்லை என்றாள். மாமாவுக்கு அடுத்து உனக்குத்தான் சொல்கிறேன் என்றாள். ஏன் எனக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் கைப்பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

ரெண்டு மாதம். டேனியிடம்கூடச் சொல்லவில்லை. நேற்று அக்கா வீட்டுக்கு வந்து சமையல்கட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அழுதார். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு குரலைத் தாழ்த்தினார். ஹாலில் எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஏட்டி, உன் தம்பிட்ட மட்டும் இப்பம் சொல்லிராத."

அக்கா கதவு வழியாக என்னை எட்டிப் பார்த்தாள். நான் தலை நிமிராமல் இட்லியைத் தின்றுகொண்டிருந்தேன்.